வெள்ளைத் தாளுக்கு ஒரு நகல்

நவம்பர் 5, செவ்வாய், பிற்பகல்

முதலாளிக்கு,

முழுசாக வந்து சேர்ந்துவிட்டேன். கை, கால், பல், பை எல்லாம் எண்ணிப் பார்த்தாயிற்று, குறைவில்லை.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று தெரிந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஒரு ஜெராக்ஸ் கடையில். இருபத்தாறு வருடம் நம் கடை மெஷினுக்கு முன்னால் நின்றவள், முதல் முறையாகக் கடல் தாண்டி வந்து, இரண்டாம் நாளே இன்னொரு மெஷினுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே மழை கொட்டுகிறது. பஸ் மாறி ஏறிவிட்டேன். தெரியாத பஸ்ஸில் கடைசி வரைக்கும் போவதைவிட நடுவில் இறங்குவது மேல் என்று இறங்கினால் மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு கண்ணாடிக் கதவுக்குள் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. அந்த வெளிச்சத்தை எந்த ஊரிலும் எனக்கு அடையாளம் தெரியும். உள்ளே நுழைந்துவிட்டேன். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த ஊர் எழுத்தில் தெருப் பலகையும் பல் டாக்டர் பலகையும் எனக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். குட்டை முடி, காதில் பென்சில். நீங்கள் செருகுவீர்களே, அதே காது. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் பேப்பர் ரிம்மைத் திறந்து, நாலு புறமும் தட்டி, விசிறி மாதிரி ஒரு விரி விரித்துவிட்டு டிரேயில் வைத்தாளே, பார்த்த உடனே எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

போனைக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். மறந்து வைக்கவில்லை. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" கொட்டுவேன். கடிதத்தில் "ம்" கொட்ட முடியாது. அதனால்தான் கையால் எழுதி, எழுத்து கருப்பாகத் தெரிய இங்கேயே நகல் எடுத்து, அந்த நகலை ஸ்கேன் பண்ணி, கடை மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதில் எழுத மனமிருந்தால் கடைசித் தாளில் இருக்கும் விடுதி மெயிலுக்கு அனுப்புங்கள். விடுதிக்காரி பிரிண்ட் எடுத்துத் தருவாள்.

நேற்று காலை குடியேற்ற வரிசையில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை பேர் பாஸ்போர்ட்டை நகல் எடுத்திருப்பேன்! எந்த நாட்டுக்கு எத்தனை போட்டோ, எந்தப் பின்னணி நிறம், எத்தனை செட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருடம், ஒரு சீல் விழவில்லை. பழக்க தோஷத்தில் எல்லாவற்றிலும் ஆறு செட் எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், சீலைக் குத்தினார், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அந்தச் சீலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். இடது பக்கக் குழாயில் வெந்நீர் வரும் என்று நினைத்தால் வலது பக்கத்தில் வருகிறது. காலையில் ரோட்டைக் கடக்க அரை மணி நேரம் நின்றேன். பிறகு பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று கடந்தது, அதற்கு நடுவில் நானும் பிள்ளையாகக் கடந்துவிட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால், கடையில், மூன்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "உனக்குப் பக்கத்துத் தெரு பேங்குக்கே தனியாப் போகத் தெரியாது. மூணு நாள்ல அழுதுக்கிட்டு வருவ. அப்படி வந்தா அதுக்கப்புறம் ஊர் சுத்துற பேச்சே எடுக்கக் கூடாது." நானும் சரி என்றேன். பதிமூன்றாம் தேதி டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்தாலும் நான் தோற்றவள். ஜெயித்தால் என்ன என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இருவரும் சேர்ந்து வருவதாக இருந்த பயணம் இது. புறப்படப் போகிற நேரத்தில் உங்கள் பாஸ்போர்ட் காணாமல் போனது, மறுபடியும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றீர்கள். பன்னிரண்டு அடுத்த வருஷங்களைப் பார்த்துவிட்டேன். பதின்மூன்றாவதைப் பார்க்கப் பொறுமையில்லை.

மழை விட்டுவிட்டது. விடுதிக்காரி சீல் விழுந்த பக்கத்துக்கு நகல் கேட்டாள், அதையும் இங்கேயே எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். தெரு முனையில் பஸ் நிற்கிறது.

மெஷின்காரி


நவம்பர் 6, புதன், காலை

பொருள்: வீட்டுக்காரி சொல் பேச்சுக் கேளாமல் வெளிநாடு சென்றது தொடர்பாக.
பார்வை: 5ஆம் தேதியிட்ட, ஓரங்கள் நனைந்த கடிதம்.

அம்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கமும் வலது ஓரத்தில் வரிசையாகப் புள்ளி விழுந்திருக்கிறது. அந்தக் கடைக்காரி மெஷினைச் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை போலும்.

கடை நன்றாக நடக்கிறது. நீ இல்லாததால் ஒன்றும் முழுகிப் போகவில்லை. நேற்று மெஷினில் மூன்று தடவை பேப்பர் சிக்கியது, அது பேப்பரின் குற்றம். வருகிறவர்கள் எல்லோரும் "அக்கா எங்க?" என்கிறார்கள். "அக்கா ஊருக்குப் போயிருக்கா" என்றால் "தனியாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? பெண்டாட்டியை விரட்டிவிட்டவனாக நிற்கிறேன். டிக்கெட் போட்டுக் கொடுத்த உன் மகள் போன் பண்ணி, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று சிரிக்கிறாள். தாயும் பெண்ணும் சேர்ந்தால் தலைக்கு மேல் வெள்ளம்தான்.

உனக்கு நினைவிருக்கட்டும். அங்கே நீ வழி கேட்டால் சொல்ல ஆள் இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை. பஸ் மாறி ஏறியதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். நாளைக்கு வேறு எதுவும் மாறாமல் பார்த்துக்கொள். பாஸ்போர்ட்டைப் பையின் உள் அறையில் வை. மெஷினுக்கு மேலே நான் எழுதி மாட்டியிருக்கிற பலகையை இருபத்தாறு வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாயே, "ஒரிஜினலை எடுத்துக்கிட்டீங்களா?" என்று, அதை உனக்கும் ஒரு தடவை படித்துக்கொள். மறந்தவர்கள் டப்பா நேற்றோடு நிரம்பி வழிகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை, இரண்டு மார்க் ஷீட், யாருடைய எக்ஸ்ரேயோ ஒன்று.

என் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் இன்றைக்கு. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்


நவம்பர் 7, வியாழன், மாலை

முதலாளிக்கு,

மூன்றாம் நாள் முடிந்து நான்காம் நாளும் முடியப் போகிறது. அழவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை விடுதிக்காரியே என் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றாள். நல்ல மனுஷி. தினம் காலையில் படி இறங்கும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்வாள், நான் "டுமாரோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

ஊர் அருமை. ஆற்றுக்கு மேலே ஒரு நீளப் பாலம் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பார்க்க வருகிறார்களாம். நானும் தூரத்திலிருந்து பார்த்தேன். அருங்காட்சியகம் இருக்கிறது, நாளைக்குப் போவேன், இல்லாவிட்டால் அதற்கு மறுநாள். இங்கே ஜெராக்ஸ் கடைகள் ஏராளம். கல்லூரிப் பக்கம் ஒரு சந்தில் மட்டும் ஒன்பது. எதேச்சையாகக் கண்ணில் பட்டது. நம் ஊர் மாதிரி மெஷினை வாசலில் வைப்பதில்லை, எல்லாம் கண்ணாடிக் கதவுக்குள்ளே. எல்லாக் கதவும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே வெளிச்சம் ஓடும், யாராவது ஒருவர் காதில் பென்சிலோடு நிற்பார். விசித்திரமான ஊர்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். படத்தைப் பார்த்து விரலை நீட்டினால் கொண்டுவந்து வைக்கிறார்கள். இன்றைக்கு நீட்டிய விரல் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, மூன்று பேர் சாப்பிடுகிற அளவு வந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். நிறைய நடந்திருந்தேன், பசி.

ஒரு விஷயம். நான் அனுப்பிய முதல் கடிதம் அந்தக் கடையின் மெயிலிலிருந்து வந்திருக்கும் அல்லவா? அதன் அடியில் கடை பெயர், முகவரி, போன் நம்பர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்புங்கள். அவசரம் ஒன்றுமில்லை. சும்மா கேட்கிறேன். அந்தக் கடைக்காரிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

மெஷின்காரி


நவம்பர் 8, வெள்ளி, காலை

பொருள்: சும்மா கேட்டது தொடர்பாக.
பார்வை: 7ஆம் தேதியிட்ட, வழக்கத்துக்கு மாறாகப் பணிவான கடிதம்.

அம்மணிக்கு,

சும்மா கேட்டவளுக்குச் சும்மா ஒரு பதில். மெயிலின் அடியில் ஏதோ எழுத்து இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாததை அனுப்பி என்ன பயன்?

நன்றி சொல்லத்தான் முகவரியா? நம் தெரு முனைத் தையற்காரர் நாலு வருடம் துணி தைத்துக் கொடுத்தார், அவருக்கே நீ நன்றி சொன்னதில்லை.

எதையாவது தொலைத்திருக்கிறாயா? ஒளிக்காமல் சொல். தொலைத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம், ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரே ஒரு வரி எழுது. "என்னால் முடியவில்லை" என்று எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட் தொலைத்தவர்களுக்கென்று நம் தூதரகத்தில் ஒரு படிவம் உண்டு. எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கொடுத்தால் ஒரு தாள் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வேறெங்கும் போக முடியாது, வீட்டுக்குத் திரும்பி வரலாம். வருவதுதானே முக்கியம்?

நான் சும்மா ஓர் உதாரணத்துக்குச் சொன்னேன். உன்னுடையது பத்திரமாக இருக்கும்.

சோறு குழைந்துவிட்டது. அதற்கு எவ்வளவு தண்ணீர்?

இப்படிக்கு,
கடை உரிமையாளர்


நவம்பர் 9, சனி, பிற்பகல்

உங்களுக்கு,

முதலாளி என்று கூப்பிட இன்றைக்கு வாய் வரவில்லை.

ஆமாம், தொலைத்தேன். பாஸ்போர்ட்டைத் தொலைத்தேன். எப்படி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் என் வாயால் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நகலை எடுத்துப் பையில் வைத்தேன், ஒரிஜினலை மெஷின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டு மூடியைச் சாத்திவிட்டு ஓடினேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பலகையைப் படித்துக் காட்டுகிறவள். மறந்தவர்கள் டப்பாவில் எது கிடந்தாலும், "எப்படித்தான் மறக்குறாங்களோ" என்று தலையில் அடித்துக்கொள்கிறவள்.

விடுதிக்காரி புதன்கிழமை காலையிலிருந்து சொல்லும் அந்த ஒரு வார்த்தை "பாஸ்போர்ட்". நகலை ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும் அவளுக்கு. பையைக் கட்டிலில் கொட்டிக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. ஆறு செட் நகல் விழுந்தது. ஒரிஜினல் விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழவில்லை என்று எழுதியது பொய்.

தூதரகத்துக்குப் போகலாம் என்று எனக்கும் தெரியும். அந்தத் தாளும் தெரியும், அதில் "ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும்" என்று அச்சடித்திருப்பதும் தெரியும். எத்தனை தடவை நகல் எடுத்திருப்பேன். அதை வாங்கினால் வீட்டுக்குத்தான் வர முடியும். வந்து உங்கள் முன்னால் நிற்க வேண்டும். அதனால் போகவில்லை.

கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. எந்தப் பஸ்ஸில் மாறி ஏறினேன் என்றும் தெரியாது. கையில் இருந்தது அங்கே எடுத்த அந்த ஒரு நகல் மட்டும்தான். அதன் வலது ஓரத்தில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு புள்ளி. ஒவ்வொன்றுக்கும் கீழே வால் மாதிரி ஒரு சின்னக் கீறல். மெஷினுக்குள் உருளும் டிரம்மில் அடிபட்டால் அப்படித்தான் விழும், அதே இடைவெளியில், எந்தத் தாளை வைத்தாலும். ஆளுக்குக் கைரேகை மாதிரி மெஷினுக்கு அது. நம் மெஷின் போன வருடத்திலிருந்து எல்லோர் நெற்றியிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறதே, அது மாதிரி.

அந்தப் புள்ளியைத் தேடிக் கிளம்பினேன். ஒவ்வொரு ஜெராக்ஸ் கடையாக ஏறி, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "காப்பி" என்றேன். கண்ணாடி மேல் வைப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், இரண்டு பக்கமும் வெள்ளை. என்னைப் பார்ப்பார்கள். "நத்திங்," என்பார்கள். "எஸ், நத்திங் காப்பி," என்பேன். ஓர் ஆள் தன் பெண்டாட்டியை உள்ளேயிருந்து கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே வரும் வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்ப்பேன். கோடு இருக்கும், மங்கல் இருக்கும், புள்ளி இருக்காது. தேங்க்யூ சொல்லிவிட்டு அடுத்த கடை. புதன், வியாழன், வெள்ளி. இன்றைக்குக் காலையில் இருபத்து மூன்றாவது கடை. உள்ளே ஒரு பையன் மட்டும் இருந்தான். தாள் வெளியே வந்தது. வலது ஓரம், நான்கு விரல், புள்ளி, வால்.

சத்தமாகக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, தமிழில்தான் கத்தியிருப்பேன். உள்ளேயிருந்து குட்டை முடிக்காரி ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தாள். அவளும் ஒரு டப்பா வைத்திருக்கிறாள்! ஒரு குடை, ஒரு சான்றிதழ், ஒரு குழந்தை போட்டோ, அதற்கு நடுவில் என் பாஸ்போர்ட். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் காதில் இருந்த பென்சில் என் கன்னத்தில் குத்தியது.

அதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பும் கும்மாளமுமாகக் கடிதம் வந்திருக்கும்.

அவள் கையை அசைத்துக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டாள். நான் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. என் கடிதத்தை அனுப்பிய மெயிலுக்கே, புதன்கிழமை மாலை, என் பாஸ்போர்ட் பக்கத்தை நகல் எடுத்து ஸ்கேன் பண்ணி, கடை முகவரியை இங்கிலீஷில் தட்டி அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழே உங்கள் பதில் இருந்தது. அன்றைக்கே, அரை மணி நேரத்தில் வந்த பதில். "Please keep safe. She is my wife."

நான் வியாழக்கிழமை முகவரி கேட்டபோது உங்களிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை "படிக்கத் தெரியவில்லை" என்று எழுதியபோதும் இருந்தது, அதுவும் இங்கிலீஷில். நான் வெள்ளைத் தாளோடு கடை கடையாக ஏறி இறங்கியபோது நீங்கள் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு, நான் "முடியவில்லை" என்று எழுதுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். இரண்டு போதும்.


நவம்பர் 10, ஞாயிறு

உனக்கு,

பொருள், பார்வை எதுவும் இல்லை. கடை இன்று திறக்கவில்லை. ஞாயிறு என்பதற்காக இல்லை, போன ஞாயிறு திறந்திருந்தேன்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அந்த மெயில் வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். உன் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதே என்று. சத்தியமாக அதுதான் முதலில். அதனால்தான் உடனே பதில் போட்டேன். அதற்குப் பிறகுதான் இன்னொரு புத்தி வந்தது. நீ கேட்கட்டும், கேட்டால் உடனே கொடுப்போம் என்று. நீ கேட்டபோது, இப்படிக் கேட்டால் போதாது, தோற்றுப் போய்க் கேட்கட்டும் என்று. ஒவ்வொரு நாளும் அதை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். உன் கடிதம் வராத நேரத்தில் அதைத் திறந்து உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் அந்தப் புள்ளிகளோடு.

நீ அங்கே அழுதாய் என்பதை நான் எழுத்தில் படித்தேன். எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவன், இதற்கு ஒரு வரி எழுத வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட் தொலையவில்லை. லேமினேஷன் கவர் அட்டைப் பெட்டிக்குள், அடியில் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். நம் கடையில் எல்லோருக்கும் நான் "சார்". எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டுத்தான் ஆள் விமானம் ஏறுகிறான். "அங்க இறங்கின உடனே வலது பக்கம் போங்க" என்று நான் பார்க்காத ஊருக்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறேன். இறங்கினால் நானும் ஒன்றும் தெரியாதவன்தானே? பஸ் பலகை படிக்கத் தெரியாமல், சாப்பாட்டுக்கு விரல் நீட்டிக்கொண்டு, உன் முன்னால் நான் முழிக்க வேண்டியிருக்கும். இருபத்தாறு வருடமாக நீ என்னைப் பார்த்த பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். பன்னிரண்டு அடுத்த வருஷமும் அந்தப் பயம்தான். வேறு எதுவும் இல்லை.

நீ வா. டிக்கெட் தேதிக்கு வா. நான் தோற்றேன் என்று வருகிறவர் எல்லோரிடமும் சொல்கிறேன். பதிமூன்றாம் தேதி விமான நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன்.

சோறு இன்று சரியாக வந்தது.

நான்


நவம்பர் 11, திங்கள், காலை

முதலாளிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு. இரண்டாம் தடவையும் கோபத்தோடுதான், ஆனால் உட்கார்ந்துகொண்டு.

லேமினேஷன் பெட்டி விஷயம் எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு ஒன்பது நாளைக்கு முன்னால் கவர் தீர்ந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன், கையில் தட்டுப்பட்டது. நீங்கள் அப்போது பக்கத்தில் ஒருவருக்கு விசா மனு நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். எடுத்து உங்கள் முன்னால் வீசி எறியலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எறியவில்லை. நான் எடுத்துக் கொடுத்து, நான் கெஞ்சி, நான் கைப்பிடித்து அழைத்து வந்தால் அது நான் கூட்டி வந்ததாகத்தான் இருக்கும், நீங்கள் வந்ததாக இருக்காது. அதனால் அதை ஒரு நகல் மட்டும் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அந்த நகல் என் பையில்தான் இருக்கிறது. ஏழாவது செட். புதன்கிழமை பையைக் கொட்டியபோது அதுவும் விழுந்தது. கட்டிலில் நீங்கள் நெற்றியில் கோட்டோடு என்னை முறைத்துக்கொண்டு கிடந்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கடை தேடக் கிளம்பினேன்.

முழிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் முழித்தேன். ஏழு நாளாக முழித்துக்கொண்டிருக்கிறேன். ரோட்டில் முழித்தேன், குழாயடியில் முழித்தேன், இருபத்து மூன்று கடையில் வெள்ளைத் தாளை நீட்டி முழித்தேன். ஊரே சிரித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தீர்கள். மாறித்தான் இருக்கிறது. நீங்கள் முழித்ததால் இல்லை. முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு மூடி மறைத்ததால்.

அது சரியாவதற்கு நாளாகும். "மன்னிச்சிட்டேன்" என்று இப்போது எழுதினால் அதுவும் நகல்தான். ஒரிஜினல் வரும்போது வரட்டும்.

ஜெயித்தால் என்ன என்று அன்றைக்கு நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து மூன்று நாளை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வியாழன், வெள்ளி, சனிக்கிழமையில் பாதி, அதற்கு முன்னால் புதன் மாலை. அந்த மூன்று நாளில் நான் இந்த ஊரைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தேன். அந்த மூன்று நாளை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மகளிடம் சொல்லி டிக்கெட்டைப் பதினாறாம் தேதிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். விசாவில் நாள் இருக்கிறது. விடுதிக்காரியும் சரி என்றாள். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அவள் மேஜை மேல் வைத்தபோது எழுந்து நின்று கைதட்டினாள்.

இன்றைக்குப் பாலத்தில் நடக்கப் போகிறேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், பிறகு அங்கிருந்து திரும்பவும். நாளைக்கு அருங்காட்சியகம். அதற்கு மறுநாள் குட்டை முடிக்காரி கடைக்கு லீவு விட்டுவிட்டு என்னை எங்கோ கூட்டிப் போகிறாளாம். எங்கே என்று சொன்னாள், எனக்குப் புரியவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டேன். டிரம்மை மாற்றச் சொன்னேன். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று நீங்கள் சொல்வது மாதிரியே கையைக் காட்டினாள்.

அடுத்த வருஷத்துக்கு வேறு ஓர் ஊர் பார்த்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்ததும் இரண்டு மனு நிரப்பப் போகிறேன், நிரப்ப எனக்கும் தெரியும். உங்களுடையதில் கையெழுத்துக் கட்டத்தை மட்டும் காலியாக விடுவேன். பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். என் மனுவில் எந்தக் கட்டமும் காலியாக இருக்காது.

பதினாறாம் தேதி விமான நிலையத்துக்கு வர வேண்டாம். கடையைத் திறந்து வையுங்கள். எனக்கு வழி தெரியும்.

மெஷின்காரி